ஆண்களுக்கு மட்டும்: லொட்ஜ், கழகம், ஊர்ச்சங்கம்

காலிவீதிக் காவேரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கனநாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வி. பிறீமேசன் சங்கம் என்ற அந்தப் பழைய சகோதரத்துவச் சங்கத்தில் பெண்களை ஏன் சேர்ப்பதில்லை? சம்பிரதாயம் என்று ஒரு சொல்லில் முடிக்காமல், தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், நான் வேலை செய்யும் கணக்காய்வு நிறுவனத்தில் பங்காளர்கள் சிலர் அந்தச் சங்கத்து ஆட்கள். என்னோடு ஒன்றாகச் சோதனை எழுதிய பெடியன் ஒருவனை அவர்கள் அதில் சேர்த்துவிட்டார்கள். மாதத்தில் ஒரு நாள் கறுப்பு சூட், கையில் ஒரு சின்னத் தோல்பெட்டி, நாலரைக்கே கிளம்பிவிடுவான். அதற்குப் பிறகு வந்த நல்ல வாடிக்கையாளர்கள் எல்லாம் அவன் மேசைக்குத்தான் போகிறார்கள். என் வேலையில் குறை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. எனக்குக் கிடைத்தது "லேடீஸ் நைட்" விருந்துக்கு ஓர் அழைப்பிதழ்.

சடங்கு என்ன, இரகசியம் என்ன என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். உள்ளே விடமாட்டோம் என்பதற்குக் காரணம் என்ன?

கொட்டாஞ்சேனை ரவி எழுதியது:

அக்கா, நீங்கள் தப்பினீர்கள். அது பேயைக் கும்பிடுகிற கூட்டம். டொலர் நோட்டில் ஒற்றைக்கண் இருக்கிறதே, அதுவும் இவர்களின் வேலைதான். யூடியூபில் தேடிப் பாருங்கள்.

மூன்றாம்படி எழுதியது:

தம்பி ரவி, நான் தலை நரைக்க முன்பே அதில் சேர்ந்தவன். இன்றுவரை ஒரு பேயையும் காணவில்லை. கண்டதெல்லாம் சந்தா நிலுவைப் பட்டியல்தான்.

தங்கச்சி காவேரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். லண்டனில் 1717இல் நான்கு லொட்ஜ்கள், அதாவது மேசன் கிளைகள், கூடி முதலாவது பெருஞ்சபையை அமைத்தன. 1723இல் ஜேம்ஸ் அண்டர்சன் என்ற பாதிரியார் எழுதிய யாப்பு, அதாவது சங்க விதிகள், அச்சில் வந்தது. அங்கத்தவர்கள் சுதந்திரமாகப் பிறந்த, பக்குவ வயதுக்கு வந்த, நல்ல ஆண்களாக இருக்க வேண்டும். அடிமைகள், பெண்கள், ஒழுக்கம் கெட்டவர்கள் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. இதை நகர்த்தக் கூடாத எல்லைக்கல்லாக நாங்கள் வைத்திருக்கிறோம். சேரும்போது அதற்குக் கட்டுப்படுவதாகச் சத்தியமும் செய்கிறோம். கொழும்பில் இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்கொட்லாந்து என்று மூன்று பெருஞ்சபைகளின் கீழும் லொட்ஜ்கள் உண்டு. மூன்றிலும் இந்த விதி ஒன்றுதான்.

ஆனால் நீங்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். அங்கே மதமும் அரசியலும் கதைக்கக் கூடாது. நாடு எரிந்த காலத்திலும் சிங்களவர், தமிழர், சோனகர், பறங்கியர் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். நான் பகவத்கீதையில் கை வைத்துச் சத்தியம் செய்தவன். எனக்குப் பக்கத்தில் நின்றவர் குர்ஆனில் கை வைத்தார். 83 ஆடிக் கலவரத்தில் எங்கள் வீட்டுக்கு முதலில் ஆள் அனுப்பி விசாரித்தவர் ஒரு சிங்களச் சகோதரர். இந்த நகரத்தில் அப்படியோர் இடம் வேறு எங்கே இருந்தது? ஆண்கள் பகட்டை விட்டுவிட்டு மனம்திறந்து இருக்க ஓர் இடம் அது. பெண்களைக் குறைவாக நினைத்து வைத்த விதி இல்லை.

புத்தகப்பூச்சி எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் சொன்ன அந்த 1723 வரியை இன்னொரு தரம் பாருங்கள். பெண்கள் கூடாது என்ற அதே வரியில்தான் அடிமைகள் கூடாது, சுதந்திரமாகப் பிறந்திருக்க வேண்டும் என்பவையும் இருக்கின்றன. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்தது. விடுதலையானவர்கள் பிறக்கும்போது அடிமைகளாகத்தானே பிறந்தார்கள்? அவர்களை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வி எழ, 1847இல் இங்கிலாந்துப் பெருஞ்சபை விதியை மாற்றியது. பிறப்பைப் பார்க்காமல், இப்போது சுதந்திரமானவராக இருந்தால் போதும் என்று ஆக்கியது.

அதே யாப்பு உடம்பில் ஊனம் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. கைத்தடியோடு வரும் உங்கள் மூத்த சகோதரர்களை லொட்ஜ் வாசலில் வாளோடு காவல் நிற்பவர் மறிக்கிறாரா? இல்லைத்தானே. எல்லைக்கல் இரண்டு தரம் நகர்ந்துவிட்டது. மூன்றாவது தரம் மட்டும்தான் அது கல்.

பெண்கள் யாரும் அந்தக் கதவைத் தட்டவில்லை என்றும் நினைக்க வேண்டாம். பிரான்சில் மரியா டெரேம் என்ற எழுத்தாளரை 1882இல் பாரிசுக்குப் பக்கத்து லொட்ஜ் ஒன்று முறைப்படி சேர்த்துக்கொண்டது. பெரிய அமளியாகிப் போனது. பதினொரு வருடம் கழித்து, 1893இல், அவரும் ஜோர்ஜ் மார்ட்டின் என்ற மருத்துவரும் ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் தனி அமைப்பையே தொடங்கினார்கள். அதில் 1902இல் பாரிசில் சேர்ந்தவர் யார் தெரியுமா? அன்னி பெசன்ட். அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராகப் பிறகு வந்த அதே அம்மையார். இந்தியாவுக்கு அந்தக் கலப்பு மேசன் முறையைக் கொண்டுவந்தவரும் அவர்தான். பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு அது ஒன்றும் எட்டாத தூரம் இல்லை.

மூன்றாம்படி எழுதியது:

பெசன்ட் அம்மையாரின் அமைப்பை எங்கள் பெருஞ்சபை அங்கீகரிக்கவில்லை. அது வேறு ஆறு. ஆனால் பெண்களுக்கென்றே லண்டனில் தனிப் பெருஞ்சபை இருக்கிறது, 1908இல் தொடங்கிய அமைப்பு. அதே சடங்கு, இடுப்பில் கட்டும் அதே கவசத்துணி. பெண்களைச் சேர்ப்பதைத் தவிர மற்றதெல்லாம் முறைப்படிதான் நடக்கிறது என்று 1999இல் எங்கள் ஆட்களே அறிக்கை விட்டார்கள். அவர்கள் தனியே, நாங்கள் தனியே. இதில் யாருக்கு என்ன நட்டம்?

காலிவீதிக் காவேரி எழுதியது:

ஐயா, 83 கதையைப் படித்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத வரவில்லை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மேசையில் உங்கள் வீட்டம்மாவுக்கு இடம் இருந்ததா? அதே ஆடியில் அவரும்தானே பயந்துகொண்டு இருந்திருப்பார்.

நட்டம் யாருக்கு என்று கேட்டீர்கள். சடங்கு முடிந்து கவசத்துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்த பிறகு ஒரு சாப்பாடு இருக்கிறதாமே. வங்கி முகாமையாளர், சுங்கத்தில் பெரிய பதவிக்காரர், எங்கள் பங்காளர், எல்லோரும் ஒரே வரிசையில் இருந்து ஒருவருக்கொருவர் உடல்நலம் வாழ்த்திக் குடிக்கிற சாப்பாடு. அங்கே யாரும் தொழில் கதைப்பதில்லை என்று எங்கள் பெடியன் சத்தியம் செய்கிறான். கதைக்கத் தேவையே இல்லையே! அடுத்த திங்கட்கிழமை தொலைபேசியில் "நான் இன்னார்" என்று சொன்னால் போதும். நான் அதே ஆளைப் பிடிக்க மூன்று செயலாளர்களைத் தாண்ட வேண்டும். லண்டனில் பெண்களுக்குத் தனிச் சபை இருப்பது எனக்கு எந்தக் கதவைத் திறக்கும்?

கொட்டாஞ்சேனை ரவி எழுதியது:

அதுசரி, ஆம்பிளையளுக்கு என்று ஓரிடம் இருக்கக் கூடாதா? வீட்டிலும் நீங்கள், வேலையிலும் நீங்கள். மனுசன் எங்கேதான் போவது? கிளப் பாரில் நாலு பேர் வாய்விட்டுக் கதைக்கிற இடத்தில் பொம்பிளைகள் வந்து இருந்தால் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு கிரிக்கெட் ஸ்கோர்தான் பார்க்க வேண்டும்.

தெஹிவளை சாரதா எழுதியது:

ரவி தம்பி, வாயைப் பொத்திக்கொள்ள வேண்டிய கதை என்றால் கதைக்காமலே விட்டால் என்ன?

நான் லயன்ஸ் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். என் கணவர் லயன். அவர் லயன் என்றபடியால் நான் லயனஸ். அப்போது அப்படித்தான். மனைவிமாருக்குத் தனிக் கழகம், அது கணவன்மாரின் கழகத்துக்குக் கீழே. ரொட்டறிக்காரரின் மனைவிமாருக்கு இன்னர் வீல் இருந்தது. அது 1924இல் இங்கிலாந்தில் மான்செஸ்டரில் தொடங்கியது.

கண் பரிசோதனை முகாம் நடக்கும். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றைக் கேட்டு வாங்குவோம். காலை ஆறு மணிக்குக் கிழடுகள் வரிசையில் நிற்கும். பெயர் எழுதுவது நாங்கள். கண்மணியை விரிக்கிற மருந்து விட்டால் அரை மணித்தியாலம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் எல்லோருக்கும் மூத்திரம் வரும். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது நாங்கள். மருந்து வழிந்த கன்னத்தைத் துடைப்பது, சீனி வருத்தக்காரருக்கு ரோல்ஸைக் கொடுக்காமல் பிஸ்கட் கொடுப்பது, கண்ணாடி அளவுத் துண்டு மாறாமல் பார்ப்பது, எல்லாம் நாங்கள்தான். பத்து மணிக்கு மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு கழகத்தார் வருவார்கள். பிரதம விருந்தினரும் வருவார். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் தட்டோடு நிற்க ஒரு லயனஸ் வேண்டும். அந்தப் படம்தான் பேப்பரில் வரும். அதில் என் முழங்கை தெரிகிற படம் ஒன்று வீட்டில் இன்னும் இருக்கிறது.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், பார்வையற்றவர்களுக்காக உழைக்க வாருங்கள் என்று லயன்ஸ் கழகத்தை அழைத்ததே ஒரு பெண். 1925இல் அமெரிக்காவில் அவர்களின் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசிய பேச்சில்தான் அந்தப் பணி தொடங்கியது. அவர் அழைக்கலாம், ஆனால் அங்கத்தவராக முடியாது. அந்தக் கதவு திறக்க 1987 ஆயிற்று.

திறந்தபோது எங்கள் கழகத்தில் ஓர் ஐயா, பெண்கள் வந்தால் நான் விலகிவிடுவேன் என்று மேசையில் அடித்தார். பிறகு பெண்களும் வந்தார்கள். அவர் விலகவில்லை. தலைவராகவும் இருந்தார்.

புத்தகப்பூச்சி எழுதியது:

சாரதா அக்கா, நன்றி. லயன்ஸுக்கு 2018இல் ஐஸ்லாந்துப் பெண் ஒருவர் உலகத் தலைவராகவே வந்துவிட்டார், குட்ரூன் இங்வடோட்டிர்.

ரொட்டறி பற்றி இங்கே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விசயம் இருக்கிறது. கொழும்பு ரொட்டறிக் கழகம் 1929இல் தொடங்கியது. உலக ரொட்டறியின் யாப்பில் ஆண்கள் மட்டும் என்றுதான் இருந்தது. 1950இல் அந்த விதியை எடுத்துவிடச் சொல்லி இந்தியாவிலிருந்து ஒரு கழகம் பிரேரணை அனுப்பியது. 1964இல் அடுத்த பிரேரணை போனது. எங்கிருந்து தெரியுமா? இலங்கையிலிருந்து. அப்போது சிலோன். பெண்களைச் சேர்க்க அனுமதி கொடுங்கள் என்று நமது நாட்டுக் கழகம் ஒன்று கேட்டது. வந்திருந்த பிரதிநிதிகள் வாக்கெடுத்து, அதை மீளப் பெறும்படி முடிவுசெய்தார்கள்.

வருடத்தைக் கவனியுங்கள். 1964இல் இந்த நாட்டின் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, 1960இல் உலகின் முதல் பெண் பிரதமராக வந்தவர். அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கலாம், மத்தியான ரொட்டறிச் சாப்பாட்டுக்குப் போவதென்றால் விருந்தினராகத்தான் போகலாம்.

பிறகு கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சின்ன ஊர்க் கழகம் மூன்று பெண்களைச் சேர்த்தது. 1978இல் உலக ரொட்டறி அதன் சாசனத்தைப் பறித்தது. கழகத்தார் வழக்குப் போட்டு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1987 மே மாதம் வென்றார்கள். 1989இல் உலகம் முழுவதுக்கும் விதி மாறியது. 2022இல் கனடாவின் ஜெனிபர் ஜோன்ஸ் முதல் பெண் தலைவரானார்.

ஆகவே, "வெள்ளைக்காரனுடைய நாகரிகத்தைப் பார்த்து நம் சம்பிரதாயத்தைக் கெடுக்காதீர்கள்" என்று யாராவது சொன்னால், ஆண்கள் மட்டும் என்ற விதியை இங்கே கொண்டுவந்தவனே வெள்ளைக்காரன்தான் என்று சொல்லுங்கள். மாற்றச் சொன்னவர்கள் நம்மவர்கள். அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்புக்கு 23 வருடம் முந்தியே.

கொட்டாஞ்சேனை ரவி எழுதியது:

இந்த 64 கதை உண்மையில் எனக்குத் தெரியாது. நல்ல செய்தி. ஆனால் பார் விசயத்தில் நான் அசையமாட்டேன். அதுசரி, பொம்பிளைகளுக்குச் சாராயம் விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதல்லவா? அப்போது கிளப் பாருக்கு வந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

புதுக்கடை வாணி எழுதியது:

ரவி, வாதத்துக்கு என்றாலும் சட்டத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வது 1979இல் கொண்டுவந்த ஒழுங்குவிதி. 2018 ஜனவரியில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை நீக்கினார். ஒரு கிழமை போவதற்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார். கொழும்பில் பெரிய ஹோட்டல்களில் இதை யாரும் கணக்கெடுப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சோடா குடித்துக்கொண்டும் ஒருவர் பாரில் இருக்கலாம். கேள்வி கிளாஸில் என்ன இருக்கிறது என்பதில்லை.

காவேரி, உங்கள் விசயத்துக்கு வருகிறேன். வழக்கு என்று போனால் நிற்காது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் பாரபட்சம் காட்டக் கூடாது என்று சொல்கிறதுதான். ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவோடு போக, மீறியது நிறைவேற்றுத்துறை அல்லது நிர்வாகத்துறையின் செயலாக இருக்க வேண்டும். தனியார் சங்கம் அதற்குள் வராது. 12(3) கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுக் களியாட்ட இடங்கள், அவரவர் மதத்துப் பொது வழிபாட்டிடங்கள் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடுகிறது. அங்கத்தவர்களுக்கு மட்டுமான கழகம் அந்தப் பட்டியலில் இல்லை. மறுபக்கம், கூடிச் சங்கம் அமைக்கும் சுதந்திரம் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. மூன்றாம்படி ஐயா அதைத் தன் பக்கம் எடுத்துக்கொள்ளலாம். நியாயமும் உண்டு. யாரோடு சிநேகமாக இருப்பது என்று நீதிமன்றம் சொல்லத் தொடங்கினால் அதுவும் நல்லதற்கில்லை.

டுவார்ட்டே வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் பார்த்ததும் இதைத்தான். குடும்பம் போல நெருக்கமான உறவா, அல்லது ஊரில் உள்ள தொழில்காரர்களை எல்லாம் தேடிச் சேர்க்கும் அமைப்பா? ரொட்டறி இரண்டாவது வகை என்று முடிவாயிற்று. இங்கிலாந்தில் 2010 சமத்துவச் சட்டத்துக்குப் பிறகும் ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும் என்று சங்கம் வைத்திருக்கத் தடை இல்லை. 1831இல் தொடங்கிய லண்டன் கரிக் கழகம் 2024 மே மாதம்தான் பெண்களைச் சேர்க்க வாக்களித்தது. அதுவும் அங்கத்தவர் பட்டியல் நாளிதழில் வெளியான பிறகு. பிரித்தானிய அமைச்சரவைச் செயலாளரும் எம்ஐ6 உளவுத்துறைத் தலைவரும் அவசரம் அவசரமாக விலகினார்கள். யார் யார் சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்பது வெளியே தெரிந்ததும் நடந்த வேலை அது.

உங்களுக்கு என் ஆலோசனை: லொட்ஜை விடுங்கள். உங்கள் நிறுவனத்தைப் பிடியுங்கள். புதிய வாடிக்கையாளரை யாருக்கு, எந்த அடிப்படையில் ஒதுக்குகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கடந்த இரண்டு வருட ஒதுக்கீட்டுப் பட்டியலைக் கேளுங்கள். லொட்ஜ் தனிப்பட்ட இடமாக இருக்கலாம். உங்கள் வேலைத்தலம் அப்படி இல்லை.

மூன்றாம்படி எழுதியது:

சட்டத்தரணிப் பிள்ளை நேர்மையாகப் பேசினார். காவேரிக்கு அவர் சொன்ன வழிதான் எனக்கும் சரியாகப் படுகிறது. லொட்ஜைக் காட்டித் தொழில் தேடுவது எங்கள் முறைக்கும் விரோதம். அப்படிச் செய்பவனை நாங்களே மதிப்பதில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நமது ஆட்கள் கொழும்பில் 1909இல் தமிழ் மாதர் சங்கம் தொடங்கினார்கள். வெள்ளவத்தையில் சைவ மங்கையர் கழகம் இருக்கிறது. அதில் என்னைச் சேர்ப்பார்களா? பெண்கள் மட்டும் என்றால் பெருமை, ஆண்கள் மட்டும் என்றால் குற்றமா?

தெஹிவளை சாரதா எழுதியது:

ஐயா, கேட்க வேண்டிய கேள்விதான். 1909ஐ நினைத்துப் பாருங்கள். பெண்ணுக்கு வாக்கு இல்லை. சட்டசபையில் இருந்த நம் பெரிய மனிதர்கள் பெண்ணுக்கு வாக்குக் கொடுப்பதை விரும்பவும் இல்லை. பின்னாளில் பொன்னம்பலம் இராமநாதனே எதிர்த்தார். பெண்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டியவர் அவர், அதையும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் மேரி இரத்தினம் போன்றவர்கள் சங்கம் அமைத்தார்கள். கனடாவில் பிறந்து, தமிழரைக் கட்டி, இங்கே வைத்தியம் பார்த்தவர். 1931இல் எல்லோருக்கும் வாக்கு வந்தது. அடுத்த வருடமே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில் நின்று அரசுச் சபைக்குப் போனார். அந்த மாதிரிச் சங்கங்களில் கூடிக் கதைத்துப் பழகாமல் இவையெல்லாம் நடந்திருக்குமா?

மங்கையர் கழகத்தில் உங்களைச் சேர்க்காததால் உங்கள் கையைவிட்டு என்ன போனது? வீணை வகுப்பா? வங்கிக் கடனா, பதவியா, ஒப்பந்தமா? அதைச் சொல்லுங்கள், பிறகு இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாம்.

புத்தகப்பூச்சி எழுதியது:

இன்னொன்றையும் ஐயாவிடம் கேட்டுவைக்கிறேன். இங்கிலாந்துப் பெருஞ்சபை 2018இல் ஒரு வழிகாட்டல் வெளியிட்டது. ஆணாகச் சேர்ந்த அங்கத்தவர் பிறகு பால் மாறிப் பெண்ணானால் அவரை நீக்கக் கூடாது, அவர் மேசனாகவே இருப்பார் என்று. நல்ல முடிவு, மனிதாபிமானமானதும்கூட. அப்போது இன்று சட்டப்படி ஒரு பெண் லொட்ஜில் இருக்கலாம். உள்ளே வரும்போது பெண்ணாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்!

மூன்றாம்படி எழுதியது:

அது சத்தியம் செய்த சகோதரரைக் கைவிடக் கூடாது என்பதற்காக எடுத்த முடிவு. அதை வைத்து எங்களை மடக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நான் இருக்கும்வரை இப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். எங்கள் லொட்ஜில் புதிதாகச் சேர்பவர்கள் குறைவு. பிள்ளைகள் எல்லாம் மெல்பேர்ணிலும் டொரொண்டோவிலும். நாங்கள் போன பிறகு இருக்கிறவர்கள் விரும்பியதைச் செய்யட்டும்.

சாரதா அம்மா கேட்ட தராசுக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. யோசிக்கிறேன்.

செயலாளர் தம்பி எழுதியது:

இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மேசன்மாரைப் பிடித்து உலுப்புகிறீர்கள். நம் ஊர்ச்சங்கங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே!

எங்கள் ஊர் நலன்புரிச் சங்கத்தின் கொழும்புக் கிளைக்கு நான் செயலாளர். ஊர் பெயர் வேண்டாம், வடக்கில் ஓர் ஊர். யாப்பு தட்டச்சில் அடித்து, துருப்பிடித்த கிளிப் போட்ட ஒரு கட்டு. அங்கத்துவம் என்ற பகுதியில் இப்படி இருக்கிறது: ஊரைப் பிறப்பிடமாகக் கொண்ட ஆண்களும், ஊரில் மணமுடித்த ஆண்களும். குடும்பத்துக்கு ஒரு வாக்கு, அதைக் குடும்பத் தலைவர் போட வேண்டும்.

இதனால் வந்திருக்கும் கூத்தைக் கேளுங்கள். எங்கள் உபதலைவர் ஊரில் பெண் எடுத்தவர். பிறந்தது வேறு ஊர். ஊர்ப் பள்ளிக்கூடம் எந்த ஒழுங்கையில் என்று கேட்டாலே மனைவியைத் திரும்பிப் பார்ப்பார். மறுபக்கம் ஓர் அக்கா. ஊரில் பிறந்து, அதே பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். கட்டியது மட்டக்களப்பு ஆளை. இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு நூலகம் கட்டக் காசு சேர்த்ததில் பாதி அவர் தொலைபேசியில் பிடித்த காசு. அவர் பொருளாளராக நிற்க விரும்புகிறார். யாப்பின்படி அவர் அங்கத்தவரே இல்லை! "மகளிர் அணி"யில் இருக்கலாம். மகளிர் அணி என்றால் ஒன்றுகூடலுக்கு வடை சுடுவதும் கோலம் போடுவதும்.

பெரியவர்களிடம் கேட்டால், சம்பிரதாயம், முன்னோர் வகுத்தது என்கிறார்கள். முன்னோர் என்றால் 1970களில் கொழும்பில் லிகிதர் வேலை பார்த்த நாலு பேர். அதில் ஒருவர் இன்னும் எங்கள் போஷகர்.

காலிவீதிக் காவேரி எழுதியது:

தம்பி, இதைத்தான் நான் இவ்வளவு நேரமும் சொல்லத் தெரியாமல் இருந்தேன். லொட்ஜுக்கு முந்நூறு வருடப் பழமை இருக்கிறது, வாள் இருக்கிறது, சத்தியம் இருக்கிறது. உங்கள் சங்கத்துக்கு என்ன இருக்கிறது? துருப்பிடித்த கிளிப். இரண்டு இடத்திலும் சொல்கிற காரணம் ஒன்றேதான்.

சந்தேகம் ஒன்று. கோயில் பரிபாலன சபைகளிலும் இப்படித்தானா?

தெஹிவளை சாரதா எழுதியது:

கோயிலை இதற்குள் இழுத்தால் இந்த இழை தைப்பொங்கல் வரைக்கும் போகும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். தம்பியின் யாப்பைத் திருத்துகிற வழியை முதலில் பார்ப்போம்.

புதுக்கடை வாணி எழுதியது:

தம்பி, யாப்பில் திருத்தம் செய்வது பற்றி ஒரு பிரிவு கட்டாயம் இருக்கும். பாருங்கள். எத்தனை நாள் முன்னறிவித்தல், மூன்றில் இரண்டா சாதாரண பெரும்பான்மையா, நிறைவெண் எத்தனை. அந்த மூன்றையும் பிழையில்லாமல் செய்யுங்கள். திருத்தம் தோற்பதைவிட, முறைப்படி அறிவிக்கவில்லை என்று தள்ளுபடி ஆவதுதான் அதிகம் நடக்கும்.

வாசகத்தைச் சுருக்கமாக வையுங்கள். "பதினெட்டு வயது பூர்த்தியான, ஊரைப் பிறப்பிடமாகவோ பெற்றோர் வழியாகவோ திருமணத்தின் வழியாகவோ கொண்ட எவரும் அங்கத்தவராகலாம். அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு." பெண்களுக்கும் உரிமை என்று தனியே எழுதப் போக வேண்டாம். அப்படி எழுதினால் கூட்டத்தில் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் பேசுவார்கள். அந்த ஆசிரியை அக்காவின் பெயரையும் பிரேரணையில் இழுக்காதீர்கள். ஓர் ஆளுக்காக யாப்பை மாற்றுகிறோம் என்ற கதை வந்துவிடும்.

செயலாளர் தம்பி எழுதியது:

நன்றி அக்கா. பார்த்துவிட்டேன். இருபத்தொரு நாள் முன்னறிவித்தல், மூன்றில் இரண்டு. ஒரு சிக்கல். இப்போது குடும்பத்துக்கு ஒரு சந்தா. கணவன், மனைவி இருவரும் தனித்தனி அங்கத்தவர் என்றால் இரண்டு சந்தா கட்ட வேண்டுமா? இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

கொட்டாஞ்சேனை ரவி எழுதியது:

இரண்டு சந்தா என்று போடுங்கள் தம்பி. கட்டட நிதி இரட்டிப்பாகும் என்று பொருளாளர் ஒரு தாளில் கணக்கைக் காட்டினால் போஷகர்தான் முதலில் கை தூக்குவார்.

தெஹிவளை சாரதா எழுதியது:

வேண்டாம். இரண்டு சந்தா என்றால் வீட்டில் மனைவியின் சந்தாவைத்தான் முதலில் வெட்டுவார்கள். லயன்ஸில் நான் கண்ணால் கண்டது. குடும்பச் சந்தா ஒன்று, வாக்கு இரண்டு என்று வையுங்கள்.

புதுக்கடை வாணி எழுதியது:

சாரதா அம்மா சொல்வதே நல்லது. அதைத் தனிப் பிரேரணையாக, முதல் பிரேரணைக்குப் பின்னால் போடுங்கள். சந்தாப் பிரேரணை தோற்றாலும் அங்கத்துவம் நிற்கும். முன்னறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டுவிட்டு இருக்க வேண்டாம்.

செயலாளர் தம்பி எழுதியது:

சரி. பதிவுத் தபாலுக்கு யார் பெயருக்கு அனுப்புவது? எங்களிடம் இருப்பது குடும்பத் தலைவர்களின் விலாசப் பட்டியல் மட்டும்தான்.

தெஹிவளை சாரதா எழுதியது:

மகளிர் அணியிடம் கேளுங்கள் தம்பி. ஒன்றுகூடலுக்கு யார் யார் வீட்டிலிருந்து எத்தனை வடை என்று பெயரோடும் தொலைபேசி இலக்கத்தோடும் ஒரு கொப்பி வைத்திருப்பார்கள்.